எலைசா ஸ்ட்ரிப் ரீடர்: டி.எஸ்.எச்., எச்.பி.எஸ்.ஏஜி செட்டிங் எப்படி வைப்பது?

தண்டையார்பேட்டை_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். லேபுக்கு எலைசா (வெல்னு சொல்ற சின்னக் குழியில வர்ற கலரை அளக்கற ரத்த டெஸ்ட்) படிக்க எட்டு வெல் ஸ்ட்ரிப் ரீடர் ஒண்ணு வந்திருக்கு. பழைய மிஷின், மேனுவல் இல்ல. ஃபில்டர் 405, 450, 492, 630 நானோமீட்டர். உள்ளேயே தெர்மல் பிரிண்டர். இப்போதைக்கு ரெண்டு டெஸ்ட்தான், ரெண்டுமே டி.எம்.பி. சப்ஸ்ட்ரேட் (கலர் வர வைக்கிற கரைசல்), ஆசிட் ஸ்டாப் (அந்தக் கலர் ஏறுறதை நிறுத்தற ஆசிட்). ரெண்டுலயும் சிக்கல்.

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டற ஹார்மோன்): ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச கரைசல்) 0, 0.5, 2.5, 5, 10, 20, 40. ஓ.டி. (கலர் அடர்த்தி) வரிசையா 0.02, 0.07, 0.28, 0.52, 0.96, 1.68, 2.60. கீழ் லெவல் கண்ட்ரோல் (சரிபார்க்கற சாம்பிள்) ஓ.டி. 0.11, மிஷின் 1.15 அடிக்குது, பாட்டில்ல ரேஞ்ச் 0.70 முதல் 1.10. மேல் லெவல் ஓ.டி. 2.30, மிஷின் 24.0 அடிக்குது, ரேஞ்ச் 27 முதல் 40. ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது.

எச்.பி.எஸ்.ஏஜி (ஹெபடைட்டிஸ் பி வைரஸ் டெஸ்ட்): ஒரு சாம்பிள் 0.030, கட்-ஆஃப் (பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிக்கிற எல்லை) 0.021, பாசிட்டிவ்னு பிரிண்ட் வருது. கண்ணுக்குக் கலரே இல்ல. இன்சர்ட்ல (கிட்டோட வர்ற குறிப்புத் தாள்) கட்-ஆஃப் நெகட்டிவ் கண்ட்ரோல் சராசரி பெருக்கல் 2.1னு இருக்கு, அதைத்தான் ஏத்தியிருக்கோம்.

லேம்ப் போயிருக்குமா? ஃபில்டரா?

மணலி_சர்வீஸ்:
தம்பி, லேம்பும் இல்ல, ஃபில்டரும் இல்ல. லேம்ப் டல் அடிச்சா ரீடிங் நிலைக்காது, ஒரே வெல்லைத் திரும்பத் திரும்பப் படிச்சா மூணாவது டெசிமல் இல்ல, ரெண்டாவதே ஆடும். ஒரு கண்ட்ரோலைத் தூக்கி இன்னொண்ண இறக்காது. உங்க ஸ்டாண்டர்டு ஓ.டி. வரிசை அழகா ஏறியிருக்கு. படிப்பு சரி, கணக்கு தப்பு. டி.எஸ்.எச். ப்ரோகிராம்ல மோடு என்னன்னு பாருங்க. 'சிங்கிள் ஸ்டாண்டர்டு' இல்லன்னா 'ஃபேக்டர்'னு இருக்கும்.

தண்டையார்பேட்டை_லேப்:
ஆமாண்ணே, சிங்கிள் ஸ்டாண்டர்டுதான். 10 ஸ்டாண்டர்டை வச்சிருக்கு.

வியாசை_பயோகெம்:
அதுதான் காரணம். மிஷின் என்ன செய்கிறது என்று கையால் போட்டுப் பாருங்கள். 10-ஐ 0.96-ஆல் வகுத்தால் 10.42. அதை 0.11-ஆல் பெருக்கினால் 1.15, 2.30-ஆல் பெருக்கினால் 24.0. உங்கள் பிரிண்ட் அப்படியே வந்துவிட்டது. அதாவது, பூஜ்யத்திலிருந்து 10 ஸ்டாண்டர்டு வழியாக ஒரே நேர்க்கோடு இழுத்து எல்லா சாம்பிளையும் அதில் ஏற்றுகிறது. குளுக்கோஸ் போன்ற பயோகெமிஸ்ட்ரி டெஸ்டுக்கு அது பொருந்தும். எலைசா வளைவு மேலே போகப் போகப் படுத்துவிடும், அதனால் மேல் லெவல் குறைவாக வருகிறது. கீழே பூஜ்ய ஸ்டாண்டர்டுக்கே 0.02 ஓ.டி. இருக்கிறது, அதையும் ஹார்மோன் என்று எண்ணிக்கொள்வதால் கீழ் லெவல் கூடுதலாக வருகிறது.

மோடை 'பாயின்ட் டு பாயின்ட்' என்று மாற்றி ஏழு ஸ்டாண்டர்டும் ஏற்றுங்கள். அதன் கணக்கு எளிது. சாம்பிள் ஓ.டி. எந்த இரண்டு ஸ்டாண்டர்டுக்கு இடையில் விழுகிறதோ, அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் கோடு. 0.74 ஓ.டி. வந்தால் அது 0.52-க்கும் 0.96-க்கும் சரியாக நடுவில், எனவே 5-க்கும் 10-க்கும் நடுவில் 7.5. உங்கள் கீழ் கண்ட்ரோல் 0.11: 0.07-லிருந்து 0.28 வரை உள்ள 0.21 இடைவெளியில் 0.04 தாண்டியிருக்கிறது. 0.04-ஐ 0.21-ஆல் வகுத்து, 2-ஆல் பெருக்கி, 0.5 கூட்டினால் 0.88. மேல் கண்ட்ரோல் இதே முறையில் 33.5. இரண்டும் ரேஞ்சுக்குள் உட்கார்ந்துவிட்டன.

புதிதாக ப்ரோகிராம் ஏற்றியவுடன் நோயாளி ரிப்போர்ட் அடிப்பதற்கு முன் இப்படி இரண்டு வெல்லைக் கையால் போட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். கால்குலேட்டரில் சில நிமிட வேலை.

மாதவரம்_க்யூசி:
மேடம், பாயின்ட் டு பாயின்ட் வேண்டாம்னு சொல்வேன். வளைவு எஸ் வடிவம். ரெண்டு ஸ்டாண்டர்டுக்கு நடுவுல நேர்க்கோடு போட்டா 20-க்கும் 40-க்கும் நடுவுல நிஜ மதிப்பை விட்டு விலகும். எல்லா ஸ்டாண்டர்டுக்கும் சேத்து ஒரே எஸ் வளைவு பொருத்தற நாலு பாராமீட்டர் வளைவுதான் சரி.

வியாசை_பயோகெம்:
வளைவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சிறு ரீடர்கள் பலவற்றில் அந்த மோடு இருக்காது. இருந்தாலும் அதில் ஒரு ஆபத்து: ஒரு ஸ்டாண்டர்டு பைப்பெட்டிங்கில் கெட்டுப்போனால் அந்தப் பிழையை வளைவு முழுக்கப் பரப்பிவிடும், பார்க்க வளைவு வழவழப்பாகவே இருக்கும். பாயின்ட் டு பாயின்டில் கெட்ட ஸ்டாண்டர்டு தன் இரு பக்கத்துத் துண்டுகளை மட்டும் கெடுக்கும். டி.எஸ்.எச்.-இல் டாக்டர் முடிவெடுக்கும் இடம் 0.5 முதல் 10 வரை. அங்கே ஸ்டாண்டர்டுகள் நெருக்கமாக இருக்கின்றன, கோட்டுக்கும் வளைவுக்கும் வித்தியாசம் சிறிது. 20-க்கு மேலே 31-ஆ 33-ஆ என்பதால் சிகிச்சை மாறாது.

மாதவரம்_க்யூசி:
நாலு பாராமீட்டர் போடுறவங்க ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் அதே வளைவுல திருப்பிப் படிச்சுப் பாக்கணும். 5 ஸ்டாண்டர்டு 5-க்குப் பக்கத்துல வரணும், 15 சதவீதம் தள்ளிப் போனா அந்த ரன்னை நம்ப வேண்டாம். அதைச் செய்யாம மோடை மட்டும் மாத்துறதுல பலன் இல்லங்கறதை ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு. ஸ்டாண்டர்டை டூப்ளிகேட்ல போடுங்க. ஏழு ஸ்டாண்டர்டு ரெண்டு ரெண்டா 14 வெல், கண்ட்ரோல் 2. சரியா ரெண்டு ஸ்ட்ரிப். அதுக்கு மேல வர்றதெல்லாம் பேஷன்ட். ஒரு நாளைக்கு மூணு சாம்பிள்தான்னா அன்னைக்கே ஓட்டாம, சீரம் பிரிச்சு 2 முதல் 8 டிகிரியில மூடி வச்சு, இன்சர்ட் சொல்ற நாளுக்குள்ள சேத்து ஓட்டுங்க. செலவை மிச்சம் பண்ண 'ஸ்டோர்டு கர்வ்' போட்டு பழைய வளைவுல படிக்காதீங்க. வளைவு அன்னைய வெப்பத்துக்கும் இன்குபேஷன் நேரத்துக்கும் சொந்தம்.

தண்டையார்பேட்டை_லேப்:
மோடு மாத்தி, சேவ் பண்ணி வச்ச ஓ.டி.யைத் திரும்பக் கணக்கு பண்ணோம். 0.88, 33.5. ரொம்ப நன்றி மேடம். எச்.பி.எஸ்.ஏஜி?

மணலி_சர்வீஸ்:
அதுல பிளாங்க் (சாம்பிள் இல்லாம பூஜ்யம்னு எடுக்கற ரீடிங்) எப்படி வச்சிருக்கீங்க? வேவ்லெங்த் ஒண்ணா ரெண்டா? பிளாங்க், நெகட்டிவ், சாம்பிள் மூணுக்கும் பிளாங்க் கழிக்காத ஓ.டி. போடுங்க.

தண்டையார்பேட்டை_லேப்:
450 மட்டும். ஏ வெல் ரீஏஜென்ட் பிளாங்க், 0.05. நெகட்டிவ் மூணு வெல் சராசரி 0.06. சாம்பிள் 0.08.

வியாசை_பயோகெம்:
பிளாங்க் கழித்த பிறகு நெகட்டிவ் 0.010. மிஷின் அதை 2.1-ஆல் பெருக்கி 0.021 என்று கட்-ஆஃப் வைத்துவிட்டது. சாம்பிள் 0.08-இல் 0.05 போக 0.030. அதனால் பாசிட்டிவ்.

இன்சர்டை இன்னொரு முறை படியுங்கள். பெருக்கல் முறைக் கட்-ஆஃப் உள்ள கிட்டுகளில் பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நெகட்டிவ் சராசரி 0.05-க்குக் குறைந்தால் 0.05 என்றே எடுத்துக்கொள்ளவும். அப்படியானால் கட்-ஆஃப் 0.105, உங்கள் சாம்பிள் 0.030, சாம்பிளைக் கட்-ஆஃபால் வகுத்தால் 0.29. தெளிவான நெகட்டிவ். ரீடருக்கு அந்த வரி தெரியாது. மிகச் சிறிய எண்ணைப் பெருக்கி, ஓ.டி. ஆட்டத்தையே நோயாக்கிவிடும். எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ் என்று ஒரு காகிதம் போனால் ஒரு குடும்பமே ஆடிப்போகும். கர்ப்பிணிப் பெண் என்றால் பிரசவ ஏற்பாடே மாறும். இந்த வரியை லேசாக விடாதீர்கள்.

கூட்டல் முறைக் கட்-ஆஃப் உள்ள கிட்டில், அதாவது நெகட்டிவ் சராசரியோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டும் கிட்டில், இந்தச் சிக்கல் வராது. பிளாங்க் கழித்தால் நெகட்டிவும் சாம்பிளும் ஒரே அளவு இறங்கும், முடிவு மாறாது. பெருக்கலில்தான் மாறும்.

தண்டையார்பேட்டை_லேப்:
அந்த வரி இருக்கு மேடம். ரெண்டாம் பக்கத்துல. மிஷின்ல அதை எப்படி ஏத்துறது?

மணலி_சர்வீஸ்:
பெரும்பாலான ஸ்ட்ரிப் ரீடர்ல ஏத்த வழி இல்ல. ப்ரோகிராமை 'அப்சார்பன்ஸ்' மோடுல வச்சு ஓ.டி. மட்டும் பிரிண்ட் எடுத்து, கட்-ஆஃபைக் கையால போடுங்க. ஒர்க்‌ஷீட்ல நெகட்டிவ் மூணும் தனித்தனியா, சராசரி, 0.05-க்குக் கீழயா, கட்-ஆஃப்னு நாலு கட்டம் போதும். கட்-ஆஃபுக்கு மேல கீழ 10 சதவீதத்துக்குள்ள வர்ற சாம்பிளையும், பாசிட்டிவ் வர்ற சாம்பிளையும் டூப்ளிகேட்ல திரும்ப ஓட்டாம ரிப்போர்ட் கொடுக்காதீங்க.

அடுத்து, 450 மட்டும் வச்சுப் படிக்கறதை நிறுத்துங்க. 450, ரெஃபரன்ஸ் 630. மிஷின் ரெண்டுலயும் படிச்சுக் கழிச்சுக்கும். மஞ்சள் கலர் 630-ல உறிஞ்சாது. ஆனா வெல் அடியில இருக்கற கைரேகை, கீறல், தண்ணித் துளி, பிளாஸ்டிக் கலங்கல் எல்லாம் ரெண்டு வேவ்லெங்த்துலயும் ஏறக்குறைய ஒரே அளவு தெரியும். கழிச்சா போயிடும். உங்க பிளாங்க் 0.05-ல பாதிக்கு மேல வெறும் பிளாஸ்டிக். இப்படி ரெண்டு வேவ்லெங்த்துல, அதாவது டூயல்ல படிச்சா பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்துடும். பல இன்சர்ட்ல டூயல் வச்சா பிளாங்க் வெல்லே வேண்டாம்னு எழுதியிருக்கும், ஒரு வெல் மிச்சம்.

கல்மண்டபம்_டெக்:
டூயல் வைக்கிறப்போ ஒண்ணு கவனிங்க. ஸ்டாப் பண்ணாத டி.எம்.பி. நீலம், 650 பக்கத்துல உச்சம். அதை 630 ரெஃபரன்ஸோட படிச்சா சிக்னலையே கழிச்சுடும். ஸ்டாப் போட்டும் வெல் பச்சையா தெரிஞ்சா ஆசிட் சரியா கலக்கலனு அர்த்தம். மஞ்சளும் நீலமும் சேந்த பச்சை. அந்த வெல் நிஜத்தை விடக் குறைச்சலா படிக்கும். ஸ்ட்ரிப்பை ஃப்ரேம்ல வச்சு மேஜையோட ஒட்டி மெதுவா பத்துப் பதினஞ்சு செகண்ட் ஆட்டி, முழுக்க மஞ்சள் ஆன பிறகுதான் ரீடர்ல வைக்கணும்.

மத்த சப்ஸ்ட்ரேட் வந்தா: ஓ.பி.டி. ஆசிட் ஸ்டாப்புக்கு 492. அல்கலைன் பாஸ்படேஸ் பி.என்.பி.பி. வச்ச கிட்டுக்கு 405. ஃபில்டர் தப்பா வச்சா கலர் கண்ணுக்கு நல்லா தெரியும், ஓ.டி. மட்டும் சோனியா வரும்.

தண்டையார்பேட்டை_லேப்:
ஏர் பிளாங்க்னா என்னண்ணே? டி.எஸ்.எச்.-ல அதுதான் இருக்கு.

கல்மண்டபம்_டெக்:
ஸ்ட்ரிப் இல்லாம, லைட் பாதையில காத்து மட்டும் இருக்கறப்போ அதை பூஜ்யம்னு வைக்கிறது. டி.எஸ்.எச்.-க்கு அது போதும், ஏன்னா பூஜ்ய ஸ்டாண்டர்டே வளைவுல ஒரு புள்ளியா உக்காருது. அதே பூஜ்ய ஸ்டாண்டர்டை பிளாங்காவும் வச்சு, ஸ்டாண்டர்டு லிஸ்ட்லயும் 0.02னு கையால அடிச்சா குழப்பம். ரெண்டுல ஒண்ணு.

ஸ்ட்ரிப் வைக்கிற திசையும் முக்கியம். ஏ முனை எந்தப் பக்கம்னு கேரியர்ல குறி இருக்கும். திருப்பி வச்சா மிஷின் கேக்காது, எச் வெல்லை 'ஏ' வெல்னு படிச்சுட்டுப் போயிடும். ஸ்ட்ரிப் காதுல பேனாவால நம்பர் போடுங்க, வெல் அடியில போடாதீங்க. கேரியர்ல அழுத்தி உக்கார வச்சு மேல விரல் ஓட்டிப் பாருங்க. ஒரு முனை தூக்கியிருந்தா உள்ள போறப்போ இடிக்கும், ஆசிட் சிந்தும். சிந்தினா உடனே மிஷினை அணைச்சு, தண்ணி நனைச்ச துணியால ஒத்தி எடுத்து, அப்புறம் 70 சதவீத ஆல்கஹால். ஹைப்போ (ப்ளீச் கரைசல்) போட்டுத் துடைச்சா கேரியர் துருப் பிடிக்கும்.

அளவு மாறினாலும் ஓ.டி. மாறும். இந்த ரீடர்ல லைட் மேலேருந்து கீழ போகுது, அதனால தண்ணி உயரம்தான் பாதை நீளம். ஒரு வெல்லுல டிப் சரியா மாட்டாம சப்ஸ்ட்ரேட் 80 மைக்ரோலிட்டர் விழுந்தா உருவாகற கலரே குறையும். நுரை இருந்தா தாறுமாறா ஏறும். குமிழியைச் சுத்தமான டிப் முனையால உடைங்க, ஒவ்வொரு வெல்லுக்கும் புது டிப்.

ராயபுரம்_சீனியர்:
நம்ம பக்கத்துக்கே உரிய விஷயம் ஒண்ணு சேக்கறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரைக்கும் கடல் காத்து. இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டருக்கு ஈரம்தான் எதிரி. ஓரத்துலேருந்து பூஞ்சை பிடிச்ச மாதிரி புள்ளி விழுந்து உள்பக்கம் பரவும். ராத்திரி ஏசியை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிற பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்துங்க. மிஷின் மேல கவர், கவருக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், நீலம் மாறினா காய வச்சுப் போடுங்க. எண்ணூர், மணலி பக்கம் கரித்தூசியும் சேரும். ஃபேன் வலையை பிரஷ்ஷால தட்டி விடுங்க.

கிட் ஸ்ட்ரிப் பையையும் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து உடனே பிரிக்காதீங்க. அரை மணி நேரம் மூடின பையோட வெளிய வைக்கணும். குளிர்ந்த பையைப் பிரிச்சா சென்னை ஈரம் முழுக்க வெல்லுக்குள்ள வியர்க்கும், பூச்சு கெடும். மிச்ச ஸ்ட்ரிப்பை டெசிக்கன்டோட ஜிப் போட்டு மூடணும்.

வெல்லைக் கழுவற வாஷ் பஃபருக்கு கேன் தண்ணி, மெட்ரோ தண்ணி ரெண்டும் வேண்டாம். டிஸ்டில்டு இல்லன்னா டீஅயனைஸ்டு. 20 மடங்கு கான்சென்ட்ரேட்னா 50 மில்லிக்கு 950 மில்லி தண்ணி. ஃப்ரிட்ஜ்ல உப்பு படிஞ்சிருந்தா 37 டிகிரியில வச்சு முழுக்கக் கரைச்ச பிறகுதான் எடுக்கணும், அடியில உப்பை விட்டுட்டு மேல் தண்ணியை எடுத்தா பஃபர் நீர்த்துப்போகும். வெல்லுக்கு 300 முதல் 350 மைக்ரோலிட்டர், அஞ்சு வாஷ், நடுவுல 30 செகண்ட் ஊற விடு. கடைசியில டிஷ்யூ மேல கவுத்துத் தட்டணும். நெகட்டிவ் ஓ.டி. திடீர்னு 0.2 தாண்டினா நான் ரீடரைத் தொட மாட்டேன், முதல்ல வாஷைத்தான் பாப்பேன்.

தண்டையார்பேட்டை_லேப்:
வாஷர் நுனியை ஹைப்போல போட்டு வைக்கிறோம். அது சரியா?

ராயபுரம்_சீனியர்:
ஹைப்போ ஒரு சொட்டு மிஞ்சினாலும் டி.எம்.பி.யை நேரா ஆக்சிடைஸ் பண்ணி நீலமாக்கும். எல்லா வெல்லும் கலர் ஏறும். ஓட்டி முடிச்சதும் டிஸ்டில்டு வாட்டர்ல நல்லா அலசுங்க, அதுவே உப்பு அடைப்பையும் எடுக்கும். எதிர்ப்பக்கமும் சொல்லணும்: பஃபர் கெடாம இருக்க சோடியம் அசைடு போடுறவங்க இருக்காங்க. அது பெராக்ஸிடேஸ் என்சைமையே முடக்கும், பாசிட்டிவ் கண்ட்ரோலுக்குக் கூட கலர் வராது.

கழிவுல உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை. வாஷ் கழிவு ஹைப்போ உள்ள பாட்டிலுக்குப் போகலாம். ஸ்டாப் போட்ட ஸ்ட்ரிப்ல சல்ஃப்யூரிக் ஆசிட் இருக்கு, அதை ஹைப்போ வாளியில போடவே கூடாது. ஆசிடும் ஹைப்போவும் சேந்தா குளோரின் வாயு. கதவு மூடின ஏசி ரூம்ல அது நெஞ்சை அடைச்சுடும். ஸ்டாப் போட்டதுக்குத் தனி டப்பா.

மணலி_சர்வீஸ்:
இப்போ ரீடரைச் சோதிக்கிற வழி, செலவில்லாம. மஞ்சள் ஃபுட் கலர்ல இருக்கற டார்ட்ராசின் 427 பக்கத்துல உச்சம், 405-லயும் 450-லயும் நல்லா படிக்கும். 450-ல ஓ.டி. 2 பக்கம் வர்ற மாதிரி டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, பாதி பாதியா நீர்த்துட்டே போய் ஏழு வெல், எட்டாவது வெறும் தண்ணி. எல்லாத்துலயும் 200 மைக்ரோலிட்டர். தண்ணியைக் கழிச்சா ஓ.டி. 2, 1, 0.5, 0.25ன்னு பாதி பாதியா இறங்கணும். மேல் முனை மட்டும் குறைஞ்சா லேம்ப் இல்லன்னா ஸ்ட்ரே லைட். 405-ல மோசமா, 450-ல சுமாரா இருந்தா லேம்ப் வயசாயிடுச்சு. டங்ஸ்டன் லேம்புக்கு நீலப் பக்க வெளிச்சம் ஏற்கெனவே கம்மி, கிழடானா முதல்ல அங்கதான் தெரியும்.

அடுத்து எட்டு வெல்லுலயும் ஒரே கரைசல், ஓ.டி. 1 பக்கம். பத்து தடவை படிங்க. ஒரே வெல்லோட ஆட்டம் 1 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அப்புறம் ஸ்ட்ரிப்பைத் திருப்பி வச்சு ஒரு தடவை. வித்தியாசம் வெல்லோடயே போனா பைப்பெட் பிழை. இடத்தோடயே நின்னா ரீடர் பிழை, கேரியர் அலைன்மென்ட் இல்லன்னா அந்த சேனல்ல தூசி. 630-க்கு பிரில்லியன்ட் ப்ளூ போட்டு இதே சோதனை. இது சீரா படிக்குதாங்கறதை மட்டும்தான் காட்டும். நிஜ அளவுக்கு சான்றிதழோட வர்ற நியூட்ரல் டென்சிட்டி ஸ்ட்ரிப் வேணும், ஐ.எஸ்.ஓ. 15189 ஆடிட்டுக்குப் போறவங்க அதைத்தான் காட்டணும்.

லேம்ப் மாத்தறப்போ வோல்ட், வாட் மட்டும் பாத்து வாங்காதீங்க. இழை இருக்கற உயரமும் அதே இருக்கணும், இல்லன்னா ஃபோகஸ் தப்பும். கண்ணாடியை வெறுங்கையால தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டுல வெடிக்கும். ஆன் பண்ணி 15 நிமிஷம் கழிச்சுப் படிங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா லேம்பைத் தானா அணைக்கிற மாடலும் உண்டு, திரும்ப எரிஞ்சதும் சூடேற விட்டு, புதுசா பிளாங்க் எடுக்கணும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மூணு வோல்ட்டுக்கு மேல இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. யு.பி.எஸ். ஆன்லைன் வகை நல்லது, ஃப்ரிட்ஜோட அதே லைன்ல மாட்டாதீங்க.

தண்டையார்பேட்டை_லேப்:
ஓ.டி. 3 தாண்டி 'ஓவர்'னு வந்தா, ஸ்டாப் போட்ட வெல்லை நீர்த்துப் படிக்கலாமா?

வியாசை_பயோகெம்:
கூடாது. ஓ.டி. 3 என்றால் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் டிடெக்டரை அடைகிறது, அங்கே எந்தச் சிறு ரீடரும் நம்பகமில்லை. கலரை நீர்ப்பதால் வெல்லில் பூசிய ஆன்டிபாடி நிறைந்துபோனது சரியாகாது. டி.எஸ்.எச். என்றால் சீரத்தை பூஜ்ய ஸ்டாண்டர்டால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி முழு டெஸ்டும் ஓட்டி, விடையை 10-ஆல் பெருக்குங்கள். எச்.பி.எஸ்.ஏஜி என்றால் நீர்க்க வேண்டாம், பாசிட்டிவ் என்பதற்கு ஓவரே போதும்; மேலே சொன்னபடி டூப்ளிகேட்டில் திரும்ப ஓட்டுவது மட்டும் இதற்கும் உண்டு.

பெரம்பூர்_ஐடி:
பிரிண்டர் தாளைப் பத்தி யாரும் சொல்லல. தெர்மல் தாள் வெயில்ல வெளுத்துடும், அன்னைக்கே ஜெராக்ஸ் இல்லன்னா ஸ்கேன். கம்ப்யூட்டருக்கே அனுப்ப மிஷின் பின்னாடி ஒன்பது பின் ஆர்.எஸ். 232 போர்ட் இருந்தா யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் போதும். முதல்ல 9600, 8 பிட், பாரிட்டி இல்ல, 1 ஸ்டாப் வச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். கிறுக்கலா எழுத்து வந்தா வேகம் பொருந்தல. ஒண்ணுமே வரலன்னா 2, 3 பின் குறுக்கு மாறணும், இல்லன்னா காம் போர்ட் நம்பர் மாறியிருக்கும். கன்வெர்ட்டரை வேற யு.எஸ்.பி. ஓட்டையில சொருகினாலே நம்பர் மாறலாம், ஒரே ஓட்டையில ஸ்டிக்கர் ஒட்டி வச்சுடுங்க.

தண்டையார்பேட்டை_லேப்:
கடைசியா ஒண்ணு. மழை சீசன்ல டெங்கு எலைசா இதுலயே ஓட்டலாமா?

கல்மண்டபம்_டெக்:
ஓட்டலாம், டி.எம்.பி. கிட்னா அதே 450, 630. காய்ச்சல் வந்து முதல் அஞ்சு நாளுக்குள்ளனா என்.எஸ்.1 (வைரஸோட புரதம்), அதுக்கு அப்புறம்னா ஐ.ஜி.எம். (உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி). ரிக்வெஸ்ட் ஃபாரத்துல காய்ச்சல் எத்தனாவது நாள்னு கேட்டு எழுதி வாங்குங்க. டி.எஸ்.எச். ப்ரோகிராமை காப்பி பண்ணாம புது நம்பர்ல அப்சார்பன்ஸ் மோடுல ஆரம்பிங்க. கிட்டோட புது லாட் வந்தா இன்சர்டைப் பழைய லாட் இன்சர்டோட பக்கத்துல வச்சு கட்-ஆஃப் வரியைத் திரும்பப் படிங்க. லாட்டுக்கு லாட் அது மாறலாம்.